மண்ணடிக் காற்றும் என் கையெழுத்தும்

மகனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். கே.கே. நகர் வீட்டு மாடியில் சாயங்காலம் காற்று பிய்த்துக்கொண்டு போகிறதென்று போன மாதம் நீயே சொன்னாய். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் படித்தாலும் சரி, உன் அலுவலகத்தில் யார் படித்தாலும் சரி. உன்னைத் திட்டுகிற இடத்திலெல்லாம் என்னையும் திட்டியிருக்கிறேன். அதனால் நீ மட்டும் தனியாக அவமானப்பட வேண்டியதில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நீ சால்வை கொண்டுவந்து போர்த்தினாய், “என் அம்மா ஆயிரம் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள்” என்று பேசினாய், எல்லோரும் கை தட்டினார்கள். நீ கிளம்பிய பிறகு டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பரவையில் பொறியாளராக நீ கட்டிக்கொண்டிருக்கிற பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பேற்கப் போகிறவர் அவர்தான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. “சிஸ்டர், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?” என்றார். பிறகுதான் நடந்ததைச் சொன்னார். அந்தக் கட்டடத்தின் வார்டுக்கு, மண்ணுக்குள் குழாய் பதித்துக் காற்றைக் குளிர்வித்துக் கொண்டுவரலாம் என்று அவர் அதைக் கட்டுகிற டிரஸ்டின் கமிட்டியில் யோசனை சொல்லியிருக்கிறார். எப்படிச் செய்வதென்று விளக்க, கிணறு வெட்டுகிற மலைச்சாமியைத் தேடிப்பிடித்து அழைத்துப் போயிருக்கிறார். மலைச்சாமி பேசி முடித்ததும் நீ ஒரு பழைய காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாயாம். “இந்த முறை ஏற்கெனவே தோற்றுப் போனது. அதில் கிருமி வந்து ஒரு குழந்தை இறந்தது. அப்போது அந்த வார்டில் நர்ஸாக இருந்தவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் என் தாயார்” என்றாயாம். மலைச்சாமியை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காகிதம் என் தகரப்பெட்டியின் அடியில், உன் அப்பாவின் சாவுச் சான்றிதழுக்குக் கீழே இருந்தது. கார்பன் வைத்து எழுதிய நகல். என்னிடம் கேட்காமல் பெட்டியைத் திறந்து எடுத்துப் போயிருக்கிறாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது கேட்டேன். உனக்கு முகம்கூட மாறவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாய்: “நான் ஒண்ணும் பொய் சொல்லலையேம்மா. நீங்க எழுதுனதத்தான காமிச்சேன்.”

நீ சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு வராத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த பாதியையும் தெரியாத பாதியையும் சேர்த்தே எழுதுகிறேன். இனிமேல் தெரியாது என்று சொல்ல உனக்கு வழி இருக்கக் கூடாது.

திருவாதவூருக்கு அப்பால் நான் வேலை பார்த்த அந்த வார்டு உனக்கு நினைவிருக்கும். ஆறு கட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சுற்றி ஒரு மரம் கிடையாது. சித்திரை, வைகாசியில் பகல் பதினோரு மணிக்கு மேல் கட்டில் கம்பியைத் தொட முடியாது. பிறந்து இரண்டு நாளான பிள்ளை தாய்ப்பால் குடித்தும் நா வறண்டு, உடம்பு கொதித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும். காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள். அது காய்ச்சல் இல்லை, கூரை. நான் ஜன்னலில் ஈரச் சேலை கட்டுவேன், அரைமணி நேரத்தில் அப்பளமாகிவிடும். மார்கழியில் அதே கூரை ராத்திரியெல்லாம் பனியை இறக்கும். எடை குறைந்த பிள்ளைகளின் உள்ளங்கால் நீலமாகிவிடும், பழைய துணியில் சுற்றித் தாயின் நெஞ்சோடு கட்டிவைப்பேன். ஒரே கட்டடம் கோடையில் வறுத்தது, குளிரில் விறைக்க வைத்தது. மேலே எழுதிப்போட்டேன். ஒரு மின்விசிறி வந்தது. அது சூட்டைச் சுற்றிச் சுற்றி அனுப்பியது.

எமர்ஜென்சிக்கு முந்தின வருடம் மலைச்சாமியின் மனைவி அங்கே பிரசவத்துக்கு வந்தாள். அவர் கிணறு வெட்டுகிறவர். அவர் அப்பாவும் எங்கள் பக்கத்துக் காடுகளில் கூலிக்குக் கிணறு வெட்டியவர்தான். அப்போது அவர்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை வா, போ என்றுதான் பேசுவேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், நானும் பேசினேன். அன்று மனைவி கட்டில் ஓரத்தில் நின்று துண்டால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “தாயி, நான் கெணத்துக்குள்ள எறங்குனா பன்னெண்டு அடிக்குக் கீழ கோடையும் தெரியாது, பனியும் தெரியாது. சித்திரையில சிலுசிலுன்னு இருக்கும், மார்கழியில கதகதன்னு இருக்கும். மண்ணு மாறல, நம்மதான் மேல நின்னுக்கிட்டு மாறுறோம். அந்தக் காத்த இங்க கொண்டாந்துட்டா போதும்ல?”

நான் சிரித்தேன். கிணற்றுக் காற்றை எந்த வாளியில் இறைப்பது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். வார்டிலிருந்து நூறு அடி தள்ளி, கண்மாய்க் கரை வேப்பமரங்களுக்கு அடியில் காற்று நுழைய ஒரு வாய். அங்கிருந்து இரண்டு ஆள் ஆழத்தில் சிமெண்ட் குழாய்கள் வரிசையாக வந்து வார்டின் தரையில் திறக்கும். எதிர்ச் சுவரின் உச்சியில் புகைக்கூண்டு மாதிரி உயரமாக ஒன்று. வெயில் அதைச் சுட்டால் அறைக்குள் இருக்கிற சூடான காற்று மேலே ஏறிப் போகும், அந்த இடத்துக்கு மண்ணுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று தானாக வரும். வெயில் கூடக் கூட இழுப்பும் கூடும். கரண்ட்டே வேண்டாம். இதையெல்லாம் அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கிணற்றுக்குள் மூச்சு முட்டாமல் இருக்கக் காற்றை எப்படி வரவைப்பது என்று பார்த்துப் பார்த்துக் கற்றது. நீ ஐந்து வருடம் படித்தாய். அவர் பேசி முடித்ததும் கணக்குப் போடாமல் காகிதத்தை எடுத்தாய்.

வாரம் ஒருமுறை வருகிற டாக்டர் சம்மதித்தார். ஊர்த் தலைவரும் சரி என்றார், ஏனென்றால் வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வார்டில் பிள்ளை பெற்றவர்களின் புருஷன்மார்களே மண்வெட்டியோடு வந்தார்கள். மலைச்சாமி ஒவ்வொரு குழாயையும் தானே இறங்கிப் பதித்தார். மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கக் கூடாதென்று குழாயைச் சாய்வாக வைத்து, தாழ்ந்த முனையில் தண்ணீர் இறங்க ஒரு குழி விட்டார். வாயில் எலி நுழையாமல் கம்பி வலை அடித்தார். மாதம் ஒருமுறை வந்து குழியைப் பார்த்துவிட்டுப் போவார்.

முதல் சித்திரையில் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயே பார்த்தாய். வெளியே தார் உருகிக்கொண்டிருக்கும்போது வார்டின் தரையிலிருந்து மாசிமாதக் காலைபோல ஒரு காற்று வந்தது. பிள்ளைகள் பால் குடித்துவிட்டுத் தூங்கின. அந்த மார்கழியில் ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது, என் உள்ளங்கை நீளம்தான். காற்று திறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தொட்டில் போட்டு வளர்த்தோம். விடியற்காலையில் வெளியே மூச்சு புகையாகிற குளிரில், உள்ளே கதகதப்பு. அவள் பிழைத்தாள், பள்ளிக்கூடம் போனாள். நீ பதினொன்றாம் வகுப்புப் பரீட்சைக்கு எங்கே உட்கார்ந்து படித்தாய்? வீட்டில் புழுங்குகிறது என்று சொல்லி அந்த வார்டின் பக்கத்து அறையில், அந்தக் காற்றில்தான் மூன்று மாதம் படித்தாய். உனக்குக் கிருமி வந்ததா? கமிட்டி முன்னால் அந்தக் காகிதத்தை வைத்தபோது உனக்கு அது நினைவுக்கு வரவில்லை என்று சொல்லாதே. உனக்கு எல்லாம் நினைவிருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மூன்றாவது வருடம் ஊர்த் தலைவரின் உறவினர் ஒருவர் கண்மாய்க் கரையில், வேப்பமரங்களுக்கு இருபதடி தள்ளிச் சாக்கடைக் குழி ஒன்று தோண்டினார். அந்தக் குழிக்கு மூடியும் போடவில்லை. வார்டில் லேசாக நாற்றம் வந்தது. மலைச்சாமி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, காற்று உள்ளே போகிற வாயைக் கிழக்கே மாற்ற வேண்டும், அதுவரைக்கும் பலகையால் மூடி வையுங்கள் என்று சொன்னார். இரண்டு நாள் வேலைதான். தலைவரிடம் கேட்டால்தான் ஆள் கிடைக்கும். தலைவரிடம் கேட்டால் அவர் உறவினர் மேல் புகார் சொன்னதுபோல் ஆகும். நான் கேட்கவில்லை. வைகாசி வெயிலில் வாயை மூடவும் மனம் வரவில்லை. இன்று, நாளை என்று தள்ளினேன். என் முதல் தப்பு அது. நாற்றம் என்பது நாற்றம்தான், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் அன்றே போய்ச் சண்டை போட்டிருந்தால் பின்னால் வந்ததற்கு யாருக்கும் சாக்கு கிடைத்திருக்காது.

அந்த வாரம் பெரிய வீட்டுக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டிலேயே பிறந்து ஏழாவது நாள். தாடை இறுகி, முதுகு வில்லாக வளைந்து, பால் இறங்கவில்லை. தொப்புள்கொடியை எதால் அறுத்தீர்கள் என்று கேட்டேன். அரிவாள் என்றார்கள். அறுத்த இடத்தில் கிருமி புகுந்து ஜன்னி கண்டுவிட்டது, இங்கே ஒன்றும் செய்ய முடியாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று கெஞ்சினேன். வண்டி பிடிப்பதற்குள் மறுநாள் மத்தியானம் அது என் மடியில் போய்விட்டது. அந்தத் தாயின் அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலத்துக்குள் ஊரில் வேறு பேச்சு வந்துவிட்டது. சாக்கடைக் குழியைப் பற்றியும் அரிவாளைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. கிணறு வெட்டுகிறவன் பதித்த குழாயிலிருந்து மண்ணுக்குள் இருக்கிற விஷம் வந்து பிள்ளையைக் கொன்றுவிட்டது என்றார்கள்.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். மலைச்சாமியை வெயிலில் நிற்க வைத்திருந்தார்கள். அதிகாரியே வாசகத்தைச் சொன்னார்: நிலத்தடிக் குழாய்க் காற்றில் கிருமி பரவியதால் குழந்தை காய்ச்சல் கண்டு இறந்தது. நான் ஜன்னி என்றேன், அரிவாள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்: “எழுதலேன்னா உங்க மேலதான் வரும்மா. ராமநாதபுரம் ஜில்லாவுல ஒரு எடம் காலியா இருக்கு. பையன் மேல படிக்கணும்ல?” உன் அப்பா இறந்து அப்போது மூன்று வருடம். நான் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கார்பன் நகலை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது மலைச்சாமி என்னைப் பார்த்தார், நான் பார்க்கவில்லை.

உனக்காகத்தான் எழுதினேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். அந்த வாசகத்தில் மலைச்சாமிக்குப் பதிலாக என் அண்ணன் பெயரோ, எங்கள் தெரு ஆள் ஒருவர் பெயரோ இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். ராமநாதபுரத்துக்குப் போயிருப்பேன். அவர் மேல் போடுவது சுலபமாக இருந்தது. கேட்க ஆள் இல்லாதவர், நான் வா, போ என்று பேசுகிறவர். மனசை மாற்றிக்கொள்ள எனக்கு அரைமணி நேரம் ஆனது, அவ்வளவுதான். மறுவாரம் குழாயின் வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். அவருக்கு நாலைந்து வருடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் கிணறு வெட்டக் கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்க் கட்டட வேலைக்கு மண் சுமந்தார். வார்டு மறுபடி அடுப்பானது. நான் மறுபடி ஜன்னலில் ஈரச் சேலை கட்டினேன். அதற்குப் பிறகு அங்கே கொதித்துக் கிடந்த ஒவ்வொரு பிள்ளையும் என் கையெழுத்தின் மேல்தான் கிடந்தது.

இப்போது உன்னிடம் வருகிறேன். நான் பயந்து எழுதினேன். நீ எதற்குப் பயந்தாய்? உன்னை யார் எங்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார்கள்? உன் வரைபடத்தை டாக்டரம்மா எனக்குக் காட்டினார். ஆபரேஷன் அறைக்கு ஏ.சி., டாக்டர் அறைக்கு ஏ.சி., டிரஸ்டின் தலைவர் வந்தால் உட்காருகிற அறைக்கும் ஏ.சி. இருபது கட்டில் போடுகிற வார்டுக்கு மட்டும் மொட்டை கான்கிரீட் தளம், மேற்கே பார்த்த ஜன்னல், நாலு மின்விசிறி. பரவையில் கோடையில் தினமும் எத்தனை தடவை கரண்ட் போகிறது என்று உனக்குத் தெரியாதா? போகிறபோது தலைவர் எழுந்து வீட்டுக்குப் போவார். நேற்றுப் பிரசவித்தவள் எங்கே போவாள்? குழாய் யோசனை சரிவராது என்று நீ கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். நீ கணக்கே போடவில்லை. வரைந்ததை மாற்ற வேண்டியிருக்குமே என்ற சோம்பலும், படித்தவர்கள் முன்னால் மண் வெட்டுகிறவர் சொன்னதைச் செய்வதா என்ற கூச்சமும்தான் உனக்கு. அதற்கு உன் தாயின் பொய்யை எடுத்து நீட்டினாய், பொய் என்று தெரிந்தே. நான் பெற்ற பிள்ளை என்னிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டான் என்று அன்று எனக்குத் தெரிந்தது. என் கோபத்தில் பாதி அதுதான்.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் சொல்வேன். கட்டடம் கட்டுகிறவன் முதலில் அதற்குள் படுக்கப் போகிறவர்களை நினைக்க வேண்டும், அதிலும் எழுந்து வெளியே போக முடியாதவர்களை. மண்ணுக்குள் வருடம் முழுக்க மாறாத ஒன்று இருக்கிறது. அதற்கு ஏழை, பணக்காரன் தெரியாது. அதை மேலே கொண்டுவர வேண்டாம் என்று சொல்கிற அதிகாரம் உனக்கு யாரும் கொடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மலைச்சாமியின் வீட்டுக்குப் போனேன். மகனோடு வைகைக்கு வடக்கே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். முதுகு கூனியிருக்கிறது. எனக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார், நான் உட்காரவில்லை. “அண்ணே, நான் எழுதுனது பொய்யிண்ணே” என்றேன். வாழ்நாளில் முதல்முறையாக அவரை அப்படிக் கூப்பிட்டேன். அதைக் கேட்டு அவர் உருகிவிடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. “பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? நீங்க தாள்ல எழுதுனீங்க. தாள்லயே மாத்தி எழுதுங்க” என்றார். அவர் மருமகள் மோர் கொண்டுவந்தாள். அவர் உள்ளே போய்விட்டார், திரும்பி வரவில்லை. நான் மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்று சாயங்காலமே எழுதினேன். குழந்தை எதனால் இறந்தது, சாக்கடைக் குழியை யார் தோண்டினார்கள், மலைச்சாமி என்ன எச்சரித்தார், நான் என்ன செய்யாமல் இருந்தேன், யார் சொல்ல நான் எதை எழுதினேன், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்ச் சாட்சி எழுதியதற்காக மேலே என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும். புதன்கிழமை பஸ் ஏறிப் பரவைக்குப் போய்க் கமிட்டியின் முன்னால் நானே படித்தேன். நீ அன்று சைட்டில் வேலை இருக்கிறதென்று வரவில்லை. டிரஸ்டின் தலைவருக்குப் பிடிக்கவில்லை, பழைய கதை எதற்கு என்றார். டாக்டரம்மா விடவில்லை. கடைசியில் அவர்கள் சொன்னது இதுதான்: வார்டில் தரை போட்டுவிட்டால் பிறகு வெட்ட முடியாது, அதனால் பத்து நாள் தரை வேலையை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் பொறியாளர் மலைச்சாமியோடு உட்கார்ந்து, குழாய் எங்கே, எவ்வளவு ஆழம், வாய் எந்தப் பக்கம் என்று வரைந்து கொண்டுவந்தால் செய்வோம். கொண்டுவரவில்லை என்றால் பழைய வரைபடம்தான்.

பத்தில் மூன்று நாள் போய்விட்டது. திங்கட்கிழமை தரை போட ஆட்கள் வருவதாக உன் மேஸ்திரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான், நீ அவனிடம் நிறுத்தச் சொல்லவில்லை என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். மலைச்சாமியிடம் நான் போய்க் கேட்டுவிட்டேன். “வரட்டும், சொல்றேன்” என்றார். உன்னிடமும் அதிகம் பேச மாட்டார். நீ கேட்பதற்குத்தான் போகிறாய், பேசுவதற்கு இல்லை.

எனக்குப் பதில் எழுதாதே. வந்து சமாதானமும் சொல்லாதே. திங்கட்கிழமை வருகிற ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போ.

அம்மா